கண்ணை மூடிக் கடலை நினையுங்கள்

கண்ணை மூடிக் கடலை நினையுங்கள் என்றார்
மதுரையிலிருந்து வந்த பயிற்சியாளர்.
ராமநாதபுரம், கலெக்டர் ஆபீஸின் பின்கட்டு அறை.
களப்பணியாளர்கள் இருபத்திரண்டு பேர்
கண்ணை மூடினோம்.
மின்விசிறி ஒன்றுதான்
டக் டக்கென்று விழித்திருந்தது.

அலை வருகிறது, அலை போகிறது,
போகும்போது உங்கள் களைப்பையும்
எடுத்துக்கொண்டு போகிறது.

எனக்கு மூக்கையூர் வந்தது.
ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து காலை ஆட்டியபடி
அப்பா எந்தப் போட்டுல வருவார் என்று
என்னிடம் கேட்ட பையன் வந்தான்.
அப்பாவின் செல்போன் என் பையில் இருந்தது,
பாலித்தீன் உறையில், ஏட்டு கையெழுத்தோடு.

நம்புராஜ் சாருக்கு எந்தக் கடல் வந்ததோ,
பாதியிலேயே கண்ணைத் திறந்துவிட்டார்.
தேவிபட்டினம் சகாயராணி தூங்கியே போனாள்.
முந்தின ராத்திரி மூன்று மணிவரை
பாம்பன் ஸ்டேஷன் பெஞ்சில்
யாரோ ஒருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள்.
யாரும் அவளை எழுப்பவில்லை.
அன்றைக்கு உருப்படியாக நடந்த பயிற்சி
அது ஒன்றுதான்.

பதினொரு மணிக்கு உளுந்தவடை.
வடைக்குப் பின் ஒரு படிவம்.
உங்கள் பணியில் உங்களுக்கு எவ்வளவு நிறைவு?
ஒன்றிலிருந்து ஐந்துக்குள் வட்டமிடவும்.

வட்டமிடுவதற்கு முன்னால் ஒன்று சொல்லவேண்டும்,
படிவத்தில் அதற்குக் கோடு போடவில்லை.

போன மாதம் ஏர்வாடிப் பக்கம் ஒரு வீடு.
பாசி எடுத்துப் பாறை கிழித்த விரல்களில்
துணி சுற்றியிருந்த பெண்
மகளைப் பற்றி அழுதுகொண்டே சொல்கிறாள்.
நான் சரியான இடங்களில் தலையாட்டியபடி
கூரைத் தகரத்தில் ஆணிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.
முப்பத்தொன்று.
அந்த மகளின் பெயர் மறந்துவிட்டது.
முப்பத்தொன்று மறக்கவில்லை.

சம்பளம் வந்து நாலு மாதம்.
ஊர்ப் பிள்ளைக்கெல்லாம் பள்ளிக்கூடத்துல இடம் வாங்குற,
நம்ம பிள்ளைக்கு வேன் பீஸ் யார் கட்டுவா
என்கிறார் வீட்டில்.
அதையெல்லாம் வாய்விட்டுப் புலம்பிவிடலாம்.
ஆணி எண்ணியதை
எந்த மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்வது?

படிவத்தை நாலாக மடித்துப் பையில் திணித்து
சாயல்குடி வண்டிக்கு நின்றேன்.
கச்சான் காற்று
கண்ணிலும் வாயிலும் மண்ணை வைத்தது.
அப்போதுதான் அவள் வந்தாள்.
பெயர் சொல்லமாட்டேன்,
சொல்லாதிருப்பது எங்கள் வேலை.

மூன்று வருடத்துக்கு முன்,
வாலிநோக்கத்தில், மண்டபத்துப் பின்வாசலில்,
ஈர மருதாணிக் கையால்
என் துப்பட்டாவைப் பற்றிக்கொண்டவள்.
அப்போது பதினைந்து.
அன்றைக்கு அவள் மாமன்மார் என் ஸ்கூட்டர் டயரைக் கிழித்தார்கள்.
உப்பளத்து ரோட்டில் தள்ளிக்கொண்டே வந்தேன்.
கறை போகாத அந்தத் துப்பட்டா
இப்போது வீட்டில் கரித்துணி.

நர்சிங் காலேஜ் சீருடையில்,
மூன்று தோழிகளோடு,
ஒரே பப்ஸை நாலாகப் பிய்த்துத் தின்றபடி
சத்தமாகச் சிரித்துக்கொண்டு வந்தாள்.
என்னைப் பார்த்தாள்.
உதிரும் பப்ஸ் தூளைத் தட்டுகிற நேரம்தான்.
பிறகு என் தலைக்குமேல் இருந்த
கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் படிப்பவள்போல
என்னைத் தாண்டிப் பார்த்துவிட்டு
அச்சுந்தன்வயல் டவுன் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

முதலில் சுருக்கென்றது. பொய் சொல்வானேன்.

பஸ் கிளம்பியபிறகுதான் புரிந்தது.
என்னைத் தெரியும் என்றால்
எப்படித் தெரியும் என்று கேட்பார்கள்.
அந்த ராத்திரியை யாருக்கும் சொல்லத் தேவையில்லாத
ஒரு மத்தியானம் அவளுக்கு வாய்த்திருக்கிறது.
அதற்குள் நான் யாரோ.
யாரோவாக இருப்பதற்குத்தானே
அவ்வளவு தூரம் தள்ளினேன்.

என் வண்டியில் ஜன்னலோரம் கிடைத்தது.
தள்ளுவண்டியில் காலிக் குடங்களோடு
இரண்டு பெண்கள் ரோட்டோரமாகப் போனார்கள்.
படிவத்தை முட்டியில் வைத்து விரித்தேன்.
குலுங்கிய குலுங்கலில் வட்டம்
நாலைச் சுற்றப் போய்
மூன்றையும் பாதி அள்ளிக்கொண்டது.
அடித்துத் திருத்தவில்லை.

போன் அடித்தது. தெரியாத நம்பர்.
பெரியபட்டினத்துல இருந்து பேசுறேன்,
நீங்கதானா அது?
சின்னக் குரல். பின்னால் யாரோ கதவைத் தட்டும் சத்தம்.

நான்தான் என்றேன்.
பேனா மூடியைப் பல்லால் இழுத்து
படிவத்தைப் புரட்டி
பின்பக்கத்தில்
முதலில் பெயரைக் கேட்டு எழுதினேன்.